ஒருமுறைதான் கேட்டார்கள்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் தங்கையின் மகன். அவனையும் வேறுபாடு தெரியாமல்தான் வளர்த்தேன். ஆறு பேரும் ஆளாகி இன்றைக்கு நாலு நாட்டில் வீடு வாசலோடு இருக்கிறார்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன்னால் என் வீட்டு சோஃபாவில் வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, "ஒரு உயிரைப் பொறுப்பெடுத்துப் பார்த்த அனுபவம் உங்களுக்கு இருக்கிறதா?" என்று என்னிடம் கேட்டார்.

ஆறு பிள்ளை வளர்த்தவளிடம், ஒரு பூனையைக் கொடுப்பதற்கு முன்னால் கேட்ட கேள்வி அது.

அவர் பெயர் கெல்லர். எங்கள் பக்கத்து விலங்குக் காப்பகத்தின் பொறுப்பாளர். வீடிழந்த நாய், பூனை, முயல் எல்லாவற்றையும் வைத்துப் பராமரித்து, நல்ல வீடு பார்த்துக் கொடுக்கிற இடம் அது. அவருக்கு இரண்டு பக்கமும் பச்சை ரீஷேர்ட் போட்ட இரண்டு பெண் பிள்ளைகள். ஒருத்தி அர்தா, கொசோவோக்காரப் பிள்ளை. மற்றவள் அவளின் சிநேகிதி அபி, என் மூத்த மகன் சிவாவின் மகள். என் சொந்தப் பேத்தி.

வழக்கமாக என் வீட்டுக் கதவு திறந்ததும் நேரே குசினிக்குள் போய்ச் சட்டி மூடியைத் தூக்கிப் பார்க்கிறவள். அன்றைக்குச் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். அன்று அவள் என் பேத்தியாக வரவில்லை. காப்பகத்தின் ஆளாக, மொழிபெயர்க்க வந்திருந்தாள்.

"அப்பம்மா, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ."

"ஆறு பிள்ளை வளர்த்தனான் எண்டு சொல்லு."

"அது பூனைக்குக் கணக்கில்லை."

"ஏன் கணக்கில்லை? உன்ரை கொப்பன் சின்னனிலை பூனையைவிட மோசம். சொல்லு, சொல்லு."

சொன்னாள். கெல்லர் அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த சோஃபாவுக்குத் திரும்பி வருகிறேன். அதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகள் எப்படி அந்த விலங்குகளிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

புதன்கிழமைப் பின்னேரம்

இந்த சுவிஸ் நாட்டில் புதன்கிழமை பின்னேரம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் சனத்துக்குப் பிள்ளை சும்மா இருந்தால் பொறுக்காது. ஒன்றைப் பரதநாட்டியத்துக்கு விடுவார்கள், ஒன்றை மிருதங்கத்துக்கு, ஒன்றைக் கணக்குப் படிக்க. அந்த நேரத்து ட்ராமில் ஏறினால் சலங்கைப் பையோடு ஒரு தாயாவது நிற்பாள்.

அபியும் சின்ன வயதில் இருந்து பரதம் ஆடினாள். பதினாலு வயதான கையோடு ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "இனி நான் ஆடேல்லை. அர்தாவோடை காப்பகத்திலை வேலை செய்யப் போறன்," என்றாள்.

"சம்பளம் தருவினமோ?" என்று கேட்டான் சிவா. அவன் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. நாள் முழுக்க நின்று களைத்து வந்திருந்தான்.

"இல்லை. சும்மா செய்யிறது."

"நாய்ப் பீ அள்ளவோ நான் இந்த நாட்டுக்கு வந்தனான்?"

"நீங்கள் அள்ளத் தேவையில்லை அப்பா. நான்தான் அள்ளுவன்."

மருமகள் எழுந்து குசினிக்குள் போனாள். சிரிக்கத்தான் போனாள் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் சிவா ஒரு வழி கண்டுபிடித்தான். காப்பகம் ஊர் எல்லையில் இருக்கிறது, பஸ்ஸின் கடைசித் தரிப்பு, அதற்கு அப்பால் காடு. பெண் பிள்ளை தனியே போகக் கூடாது. "அப்பம்மா கூட வாறதெண்டால் போ," என்றான். நான் மாட்டேன் என்று சொல்வேன் என்பது அவன் கணக்கு. கோயிலையும் தமிழ்க்கடையையும் தவிர நான் வேறு எங்கே போனேன்?

எனக்கு நாய் பூனை என்று பெரிய ஆசை ஒன்றும் இருந்ததில்லை. ஆனால் புதன்கிழமைப் பின்னேரம் எனக்கும் ஒரு வேலை இல்லை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, மகன் வீட்டில் இருந்து இரண்டு தரிப்புத் தள்ளி, இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தேன். அது என் விருப்பம்தான். ஒருவரும் என்னைத் தள்ளி வைக்கவில்லை.

"நான் போறன்," என்றேன். சிவா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

மனிசருக்குச் சட்டம் இல்லை

பஸ்ஸால் இறங்கும்போதே நாய்களின் சத்தம் கேட்கும். உள்ளே போனால் வைக்கோல் மணம், ஈரக் கம்பளி மணம், அதற்கு மேல் ஆஸ்பத்திரி மருந்து மணம். மருமகள் ஒரு சட்டம் போட்டிருந்தாள்: போகும்போது மாற்று உடுப்புப் பை, வரும்போது நேரே குளியலறை. இடையில் ஒன்றையும் தொடக் கூடாது, சாமியறைப் பக்கம் திரும்பியும் பார்க்கக் கூடாது. எனக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம். மாமியார் என்று பாராமல் சொன்னாள்.

அந்த வயதுப் பிள்ளைகளை அங்கே நாயோடு தனியே வெளியில் விடமாட்டார்கள். அபிக்கும் அர்தாவுக்கும் கிடைத்தது உள்வேலை. முயல்களுக்குக் கரட் வெட்டுவது, சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது, மெஷினில் காய்ந்த கம்பளிகளைச் சூட்டோடு மடிப்பது. தன் வீட்டில் குடித்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டு எழும்புகிற பிள்ளை, அங்கே கையுறை போட்டு நாய்க்கோப்பை கழுவினாள். மருமகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"வீடியோ எடுத்தனீங்களோ மாமி?" என்று கேட்டாள். "இல்லாட்டில் நான் நம்பமாட்டன்."

அங்கே எலிக்கும் முயலுக்கும் நடுவில் ஒரு பிராணி இருந்தது. கினிப்பன்றி என்று தமிழில் சொல்வதாம். அதன் சோடி செத்துப்போய், இன்னொரு சோடி தேடிக்கொண்டிருந்தார்கள்.

"தனிய வைச்சிருக்கக் கூடாது அப்பம்மா," என்றாள் அபி. "சட்டம்."

"ஆரின்ரை சட்டம்?"

"சுவிஸ் சட்டம். துணை இல்லாட்டில் அதின்ரை மனம் உடைஞ்சுபோகுமாம்."

"மனிசருக்கு அப்பிடிச் சட்டம் இல்லையோ?"

அபி அதை அர்தாவிடம் டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், கேட்டாள். அர்தா கரட் வெட்டுவதை நிறுத்தாமல் ஏதோ சொன்னாள்.

"மனிசரைச் சோடியாய் அடைச்சால் ஆளை ஆள் கடிச்சுப்போடுவினமாம். அதுதான் சட்டம் போடேல்லையாம்."

அன்றைக்கே எனக்கு அர்தாவைப் பிடித்துப்போனது. அபியிடம் கேட்டு "ஆச்சி" என்ற சொல்லைப் பழகி வைத்திருந்தாள். பஸ்ஸில் மூன்று இருக்கைக்கு அப்பால் இருந்துகூட "ஆச்சீ!" என்று கூப்பிடுவாள். முழு பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும்.

கதிரைச் சண்டை

பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பூனை அறையில் போய்ச் சும்மா இருப்பது. பயந்த பூனைகளுக்கு மனிதர் பழக வேண்டுமாம். கூப்பிடக் கூடாது, உற்றுப் பார்க்கக் கூடாது, கை நீட்டக் கூடாது. இருந்தால் போதும். இப்படியும் ஒரு வேலை இருக்கிறதென்றால் அதற்கு நானும் வருகிறேன் என்று ஒரு கதிரையைப் போட்டு இருந்தேன்.

அங்கே அலுமாரிக்கு மேலே ஒரு சாம்பல் பூனை. மிங்கா என்று பெயர். குட்டியில் இருந்து ஒரு வயதானவரோடு இருந்ததாம். அவர் இறந்துபோக, சொந்தக்காரர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்களாம். ஒருவருக்கும் இறங்கி வராது. அபி இருந்து பார்த்தாள், அர்தா இருந்து பார்த்தாள். அலுமாரிக்கு மேலே வாலின் நுனி மட்டும் தெரியும்.

ஒரு புதன்கிழமை நான் தண்ணீர் குடிக்க எழும்பிப் போய்விட்டு வந்தால், என் கதிரையில் அது இருக்கிறது. நான் இருந்த சூட்டுக்கு இறங்கி வந்திருக்க வேண்டும். கிட்டப் போனேன். அசையவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"எழும்பு," என்றேன்.

அர்தா ஓடிப்போய் இன்னொரு கதிரை கொண்டுவந்தாள். அதில் போய் நான் இருந்தேன். பூனை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இறங்கி வந்து, இந்தக் கதிரையின் காலடியில் நின்று கத்தத் தொடங்கியது. அதற்கு இப்போது இதுதான் வேண்டும். நான் எழும்பவில்லை. அதுவும் விடவில்லை. பிள்ளைகள் இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் உருண்டார்கள்.

அடுத்த புதன்கிழமை நான் போகும்போது அது எனக்கு முன்னமே கதிரையில் இருந்தது. இப்படியே நாலைந்து கிழமை. இவர் போன பிறகு என் வீட்டில் என்னை எதிர்த்து நின்றது என்று ஒன்றும் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று போனை வைத்துவிடுவார்கள். இது மட்டும்தான் மாட்டேன் என்றது.

"ஆச்சியே இதைக் கொண்டுபோகட்டுமாம்," என்று அர்தா சொன்னதாக அபி சொன்னாள்.

"எனக்கென்னத்துக்குப் பூனை?"

அடுத்த கிழமையும் கேட்டார்கள். "மயிர் எல்லாம் சாப்பாட்டிலை விழும்," என்றேன். மூன்றாம் முறை கேட்டபோது, "சரி, உங்கடை ஆசைக்கு வந்து வீட்டைப் பாக்கச் சொல்லுங்கோ," என்றேன்.

உண்மையில் அதற்கு முந்திய நாளே நான் கடையில் பூனைச் சாப்பாடு அடுக்கிய இடத்தில் நெடுநேரம் நின்று, மீன் போட்டது எது, கோழி போட்டது எது என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

தேத்தண்ணி ஆறிப்போனது

பூனையைக் கொடுக்க முதல் காப்பகத்தில் இருந்து ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார்கள். ஊரில் நான் பார்த்த பூனைகள் மீன் வெட்டுகிற நேரத்துக்குத் தாங்களாக வந்து, தாங்களாக இருந்து, தாங்களாகப் போகும். அதற்கு மூன்றாம் ஆளின் அனுமதி தேவைப்பட்டதில்லை.

"ஒண்டும் செய்யாதேங்கோ அப்பம்மா. வீடு இருக்கிற மாதிரியே இருக்கட்டும்," என்று அபி போனில் சொன்னாள்.

வீட்டுக்கு ஆள் வரும்போது இருக்கிற மாதிரியே விடுகிறவள் ஒருத்தியும் எனக்குத் தெரிந்து இல்லை. திரைச்சீலை தோய்த்தேன். விளக்கு மினுக்கினேன். பருப்பு வடை சுட்டேன். பூனை ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக சிவா ஒரு மண் பெட்டி வாங்கி வந்து கூடத்தில் வைத்திருந்தான். அதைத் தூக்கிப் பல்கனியில் வைத்துக் கட்டில் விரிப்பால் மூடினேன். ஆள் வரும்போது கக்கூசைக் கூடத்தில் வைப்பார்களா?

கெல்லர் அம்மா கேட்ட இரண்டாவது கேள்வியே, பூனை எங்கே வெளிக்குப் போகும் என்பதுதான். அபி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எழும்பிப் பல்கனிக்குப் போய் விரிப்பைத் தூக்கினாள்.

அர்தா ஏதோ சொன்னாள். கெல்லர் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னவாம்?" என்றேன்.

"கலியாணப் பொம்பிளை மாதிரி முகத்தை மூடி வைச்சிருக்காம்."

தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம், நன்றி என்றார். எங்களில் முதல் தரம் ஆரும் ஓம் என்று சொல்வார்களா? நான் போட்டுக் கொண்டுவந்து, வடையோடு முன்னால் வைத்தேன். வடையை அர்தா பார்த்துக்கொண்டாள். தேத்தண்ணி அப்படியே இருந்து ஆடை படிந்தது.

வயதைக் கேட்டார். சொன்னேன். பூனைக் கணக்கில் மிங்காவும் ஏறக்குறைய என் வயதுதான், கொஞ்சம் இளசு என்றார். "அப்ப என்னை அக்கா எண்டு கூப்பிடட்டும்," என்றேன். அபி அதை மொழிபெயர்க்கவில்லை.

எனக்கு ஆஸ்பத்திரி என்று வந்தால் பூனையை ஆர் பார்ப்பது என்று கேட்டார். "எனக்கு வருத்தம் ஒண்டும் வராது," என்றேன். அபி டொச்சில் நீளமாக ஏதோ சொன்னாள்.

"நான் சொன்னது அவ்வளவு நீளம் இல்லையே?"

"நான் வந்து பார்ப்பன் எண்டு சொன்னனான்," என்றாள், என்னைப் பாராமல்.

எல்லாம் முடிந்தது. கெல்லர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் முகத்தை நேரே பார்த்துக் கேட்டார். அபி சொன்னாள்: "உங்களுக்கு இந்தப் பூனை வேணுமோ எண்டு கேக்கிறா. வேறை ஒரு குடும்பமும் கேட்டிருக்கினமாம். தோட்டம் இருக்கிற வீடாம்."

நான் சொன்னேன்: "அவைக்கு விருப்பமெண்டால் அவைக்கே குடுங்கோ. எனக்குப் பரவாயில்லை."

அபி என்னைப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே டொச்சில் சொன்னாள். அர்தாவின் வாயில் இருந்த வடை அப்படியே நின்றது.

கெல்லர் அம்மா தலையாட்டினார். வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி என்றார். எனக்குக் கை தந்தார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மூவரும் போனார்கள்.

கேக்கும் பூனையும்

ஒருவர் ஆசைப்படுகிற பொருளை "வேணுமோ?" என்று கேட்டவுடன் "ஓம், தாருங்கோ" என்று கை நீட்டுவது எங்கள் வளர்ப்பில் இல்லை. முதல் தரம் வேண்டாம் என்போம். கேட்டவர் திருப்பிக் கேட்பார். இரண்டாம் தரம், உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல் என்போம். மூன்றாம் தரம் அவர் கையைப் பிடித்து இழுப்பார். அப்போதுதான் வாங்கிக்கொள்வோம். அந்த இழுப்பில்தான் தருகிறவரின் மனம் தெரியும். இதில் பிழை என்ன என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் போன் வரும் என்று இருந்தேன். வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாலும் கைப்பைக்குள் போனைத் தொட்டுப் பார்த்தபடி நின்றேன். ஞாயிற்றுக்கிழமை சிவா வந்தான். கூடவே அபியும் வந்தாள். வந்தவள் குசினிப் பக்கம் போகவில்லை. ஜன்னலோரம் நின்றாள்.

"ஆரும் திருப்பிக் கேக்கேல்லை," என்றேன்.

சிவா சிரிக்கத் தொடங்கினான். "அம்மா, அந்த கேக்கை மறந்திட்டியளோ?"

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சிவாவின் முதலாளி வீட்டுக்குப் போனோம். பஸ்ஸுக்குப் பிந்திவிடும் என்று சாப்பிடாமல் வெளிக்கிட்டிருந்தேன். முதலாளியின் மனைவி ஒரு அப்பிள் கேக்கைக் கொண்டுவந்து, வேண்டுமா என்றார். "இப்பதான் சாப்பிட்டனான்," என்றேன். அவர் மூடியைப் போட்டு, என் கண் முன்னாலேயே அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து பழஞ்சோறு சாப்பிட்டேன்.

"அண்டைக்குக் கேக் போச்சு. இண்டைக்குப் பூனை போச்சு," என்றான் சிவா.

"அது கேக்கடா. இது உயிரல்லோ. உயிருக்கும் ஒருக்கால்தான் கேக்கிறதோ?"

"சிரிக்காதேங்கோ அப்பா," என்றாள் அபி. குரல் ஒரு மாதிரி இருந்தது. "ஃபிறாவ் கெல்லர் என்னைக் கூப்பிட்டு என்ன கேட்டவ தெரியுமோ? நான் அப்பம்மாவைத் தள்ளினனானோ எண்டு."

எனக்கு விளங்கவில்லை. விளக்கினாள். இளம் பிள்ளைகள் பாவப்பட்டு, பாட்டன் பாட்டியின் தலையில் ஒரு விலங்கைக் கட்டிவிடுவார்களாம். அவர்களும் பேரப்பிள்ளைக்காக ஓம் என்று சொல்லிவிட்டு, சில மாதத்தில் கொண்டுவந்து திருப்பிக் கொடுப்பார்களாம். அதனால் விலங்குக்குத்தான் கேடு. இனிமேல் சொந்தக்காரரைக் கேட்க வேண்டாம், வீடு பார்க்கவும் வர வேண்டாம் என்று அபிக்குச் சொல்லியிருக்கிறார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான். அது அபிக்கு இன்னும் கூடுதலாக வலித்திருக்கிறது.

"நான் சொன்னதை ஏனடி அப்பிடியே சொன்னனீ? நான் நினைச்சதையல்லோ சொல்லியிருக்க வேணும்."

"நான் மொழிபெயர்க்க வந்தனான் அப்பம்மா. சாத்திரம் சொல்ல வரேல்லை."

"என்ரை முகத்தைப் பார்த்தால் தெரியாதோ?"

"தெரியும். அதுதான் ஒருக்கால் உங்களைப் பார்த்தனான். நீங்கள் பேசாமல் இருந்தியள். நான் மாத்திச் சொல்லியிருந்தால், அதுதான் தள்ளுறது."

சிவாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பூனை போனால் போகட்டும் என்று என்னால் இருக்க முடியும். ஆனால் பொய் சொல்லாத ஒரு பிள்ளைக்கு அங்கே பேர் கெட்டுவிட்டது. அது என் வீட்டு சோஃபாவில் வைத்துக் கெட்டது.

"அந்தத் தோட்டவீட்டுச் சனம் எப்ப வருகினம்?" என்று கேட்டேன்.

"புதன்கிழமை பின்னேரம்."

வாய் திறந்தது

புதன்கிழமை வழமையைவிட முந்திய பஸ்ஸைப் பிடிக்கச் சொன்னேன். நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, மேலே குளிர்ச்சட்டை போட்டிருந்தேன். அர்தா என்னைப் பார்த்துவிட்டு "ஆச்சி!" என்றாள்.

கெல்லர் அம்மா தன் அறையில் ஏதோ மருந்துப் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் வைத்து அபியின் கையைப் பிடித்தேன்.

"வந்து சொல்லு. எனக்குப் பூனை வேணுமெண்டு சொல்லு."

"நான் சொல்லேலாது அப்பம்மா. நான் சொன்னால் திரும்பவும் நான்தான் தள்ளுறன் எண்டு நினைப்பா."

"அப்ப அர்தா சொல்லட்டும்."

"அவளும் என்ரை ஆள்தானே. நீங்களேதான் சொல்ல வேணும்."

எனக்கு டொச்சில் வணக்கம், நன்றி, குளிர், பஸ், வலிக்கிறது, இவ்வளவுதான் வரும். யாரிடமும் போய் இது எனக்கு வேண்டும் என்று நான் தமிழிலும் கேட்டவள் இல்லை. அகதி வரிசையில் நின்ற காலத்தில்கூட, தந்ததை வாங்கினேன், கேட்டு வாங்கவில்லை. என் பிள்ளைகளிடமும் இதுவரைக்கும் ஒரு சேலை கேட்டதில்லை.

உள்ளே போனேன். பிள்ளைகள் இரண்டும் எனக்குப் பின்னால் சுவரோடு நின்றார்கள். கெல்லர் அம்மா எழும்பிக் கதிரை காட்டினார். நான் இருக்கவில்லை.

"எனக்கு வேணும்," என்றேன். தமிழில்தான்.

அவர் அபியைப் பார்த்தார். அபி உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

நெஞ்சில் கையை வைத்தேன். பூனை அறைப் பக்கம் கையைக் காட்டினேன். "மிங்கா. எனக்கு வேணும்." சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. பக்கத்தில் எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. "என்ரை பேத்தி சொல்லி நான் வரேல்லை. எனக்குத்தான் வேணும். எனக்கு, எனக்கு."

முகம் சுட்டது. கடைத்தெருவில் சேலை அவிழ்ந்து நின்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

கெல்லர் அம்மா கையில் இருந்த மருந்துப் போத்தலை மேசையில் வைத்தார். பிறகு அபியிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அபி அப்போதுதான் வாயைத் திறந்தாள். எங்களில் மூன்று தரம் கேட்பார்கள் என்பதைச் சொல்லியிருக்கிறாள். தேத்தண்ணிக் கதையையும் சொல்லியிருக்கிறாள். கேக் கதையையும் விடவில்லை என்று பிறகு அர்தா காட்டிக்கொடுத்தாள்.

கெல்லர் அம்மா அபியின் தோளில் கையை வைத்து ஒரு சொல் சொன்னார். அது எனக்கு விளங்கியது. ட்ராமில் காலை மிதித்தால் சொல்கிற சொல்தான். ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் பதினாலு வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதை அன்றைக்குத்தான் கண்டேன். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் அதைப் பழகவில்லை. நானும் பழகவில்லை.

ஆனால் பூனை கிடைத்துவிடவில்லை. தோட்டவீட்டுக் குடும்பத்துக்குச் சொல் கொடுத்தாகிவிட்டது, அவர்கள் வந்து பார்க்கட்டும், அவர்கள் வேண்டும் என்றால் அவர்களுக்குத்தான் என்றார். இந்த நாட்டில் வரிசை என்றால் வரிசைதான். எனக்கு அது பிடித்திருந்தது என்று பொய் சொல்லமாட்டேன்.

வெளியே கிடந்த மர வாங்கில் இருந்தேன். தாய், தகப்பன், இரண்டு சின்னப் பிள்ளைகள் காரால் இறங்கினார்கள். எனக்கு வணக்கம் சொன்னார்கள். நல்ல சனம். உள்ளே போனார்கள். ஜன்னல் கண்ணாடியால் பார்த்தால், என் கதிரையில் மிங்கா இருக்கிறது. சின்னவன் கயிறு ஒன்றை ஆட்டிக் காட்டுகிறான். அது ஒருக்கால் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த வயதில் ஆர் கயிற்றுக்கு ஓடுவார்கள்? பிள்ளை தாயின் சட்டையைப் பிடித்து இழுத்து அடுத்த அறையைக் காட்டினான். அங்கே கறுப்பில் இரண்டு இளம் பூனைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து விளையாடிக்கொண்டிருந்தன.

அபி என் பக்கத்தில் வந்து இருந்தாள். கழுவின கை ஈரத்தோடு என் கையைப் பிடித்தாள்.

அவர்கள் அந்த இரண்டு கறுப்பையும் கேட்டார்கள். கெல்லர் அம்மா வெளியே வந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் தரமே ஓம் என்றிருப்பேன்.

மிங்கா என்னோடு நாலு வருடத்துக்கு மேல் இருந்தது. கதிரைகளை எல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு என்னைக் கட்டிலில் இருத்தியது. சிவா வேலை முடிந்து வருகிற வழியில் அதற்கென்று மீன் தலை கொண்டுவருவான். பிறகு ஒரு மழைக்காலத்தில் நித்திரையிலேயே போய்விட்டது. அபி பதினாறு முடிந்ததும் நாய்களையும் வெளியே நடக்கக் கொண்டுபோகத் தொடங்கினாள். தமிழ் ஆட்கள் பூனை கேட்டு வந்தால், வீடு பார்க்க அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே அவள் மூன்று தரம் கேட்பாளாம்.

இப்போது அவள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பென்சிலால் பெரிய எழுத்தில் எழுதித் தருவதை அவள்தான் கம்பியூட்டரில் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறாள். இந்தப் பக்கங்களை அடிக்கும்போது என் பேத்தி, "அந்தக் குடும்பம் வேண்டாம் எண்டதாலை அப்பம்மாவுக்குக் கிடைச்சது எண்டு சுருக்கமாய்ப் போடட்டோ?" என்று கேட்டாள்.

இல்லை. அவர்கள் விட்டதை நான் எடுக்கவில்லை. அவர்கள் காரால் இறங்க முதலே நான் போய், என் வாயால் வேணும் என்று கேட்டேன். கேட்டது முதல், கிடைத்தது பிறகு. படிக்கிற ஆட்களுக்கு அந்த வரிசை மாறக் கூடாது.

இஞ்சை வா பிள்ளை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரு. நான் கெல்லர் அம்மாவின்ரை அறைக்குள்ளை போற இடத்திலை இருந்து வாசி பாப்பம், சத்தமாய்.